குங்குமத்தின் மேல் சந்தனம்

ஓடினீர்கள் ஐயா!

விஜயதசமி விடுமுறைக் காலை. கட்டியிருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு, தலையில் ஹெல்மெட் இல்லாமல், வாசல் காவலர் நடராஜ் பின்னால் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாராமல் ஆலைக்குள் ஓடினீர்கள். ஹெல்மெட் மறந்து வந்த ஆலைத் தலைவரையே ஒருமுறை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் நீங்கள். அந்த நீங்கள்தான் ஓடினீர்கள்.

ஏனென்றால் சூளை காய்ச்சலில் கிடந்தது.

இந்த மடலைக் கேட்க வந்திருக்கும் குடும்பத்தாருக்காக ஒரு வார்த்தை. நம் ஆலையின் சூளை, சற்றே சாய்ந்து படுத்தபடி ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும் பெரிய இரும்புக் குழாய். ஒரு வாயில் சுண்ணாம்புக்கல் தூள் போகும். மறு வாயில் கரித்தூள் நெருப்பாய்ச் சீறும். இரும்பு உருகிவிடாமல் உள்ளே செங்கல் பதித்திருக்கிறது. சூடு மிஞ்சினால் செங்கல் விழும். செங்கல் விழுந்தால் இரும்பு சிவக்கும். இரும்பு சிவந்தால் சூளையை நிறுத்தியே ஆகவேண்டும். நிறுத்திய சூளையை மறுபடி சூடேற்ற எரியும் கரி, ஒரு மூட்டை சிமெண்டும் தராமல் வெறுமனே வானத்துக்குப் போகும். அந்தச் சூட்டைப் பார்த்து எண்ணாகச் சொல்வதற்குச் சூளையின் வாய்ப்புறத்தில் ஒரு கருவி உண்டு. நாம் அதைக் 'கண்' என்போம். கண் சொல்வதைக் கேட்டுத்தான் கன்ட்ரோல் ரூமில் கரியைக் கூட்டுவதும் குறைப்பதும்.

அன்று கண், 'குளிர்கிறது' என்றது. விடிந்ததிலிருந்து அதையே சொன்னது. ஆட்களில் பாதிப் பேர் மாலை போட்டுக் குலசைத் தசராவுக்குப் போய்விட்டார்கள். கன்ட்ரோல் ரூமில் இருந்தவர் பெருமாள்ராஜ் ஒருவர்தான். முந்தைய நாள் தசராக் குழுவோடு ஆடிவிட்டு நேராக வேலைக்கு வந்தவர். காதோரத்தில் காளி வேஷத்துக் கறுப்பு இன்னும் போகவில்லை. அவர் கரியைக் கூட்டினார். கண் ஏறவில்லை. இன்னும் கூட்டினார். சூளையை உருட்டும் மோட்டார் மூச்சு வாங்க ஆரம்பித்தது. உள்ளே சரக்கு சூட்டில் இளகி ஒட்டினால்தான் மோட்டார் அப்படித் திணறும். கண் குளிர் என்கிறது. மோட்டார் கொதிப்பு என்கிறது. யார் சொல்வதை நம்புவது? குடியிருப்பில் இருந்த உங்களுக்குப் போன் போட்டார்.

நீங்கள் இரண்டு கேள்விகூடக் கேட்கவில்லை என்று பெருமாள்ராஜ் இன்றும் சொல்வார். கரியை உடனே குறைக்கச் சொல்லிவிட்டு ஓடி வந்தீர்கள். கன்ட்ரோல் ரூமுக்குள் நுழையவில்லை. மோட்டாரைப் பார்க்கவில்லை. கரி போகும் குழாயைப் பார்க்கவில்லை. நேராகச் சூளையின் வாய்மேடைக்கு ஏறினீர்கள். நேராகக் கண்ணிடம் போனீர்கள். கருவிப் பிரிவில் புதிதாய்ச் சேர்ந்திருந்த கலையரசி உங்கள் பின்னால் ஓடி வந்து சேர்ந்தபோது, நீங்கள் அந்தக் கண்ணாடியின் முன் குனிந்து நின்றுகொண்டிருந்தீர்கள்.

கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து நடுவரை வழிந்து, காய்ந்து அப்பிப் போய், ஒரு பொட்டு.

முந்தைய நாள் ஆயுத பூஜை. சந்தனம் வழிந்து கண்ணின் பார்வையை மறைத்திருந்தது. மறைந்த கண் நெருப்பைக் குறைவாகக் கண்டது. குறைவாகக் கண்டதைக் குளிர் என்று சொன்னது. சாரத்தின் நுனியால் துடைத்தீர்கள். கன்ட்ரோல் ரூமில் எண் எகிறியது. பெருமாள்ராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். செங்கல் தப்பியது, சூளை தப்பியது.

துடைப்பதற்கு முன்பு கலையரசி ஒன்று சொன்னார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"குங்குமத்துக்கு மேல சந்தனம் இருக்கு சார். இப்படி யாரு வைப்பா?"

நீங்கள் சாரத்தின் நுனியைக் கையில் எடுத்தீர்கள்.

ஐயா, பாராட்டு மடல் என்றால் விளி முன்னால் வரவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் ஓட்டம் முந்திக்கொண்டுவிட்டது. இப்போது முறைப்படி அழைக்கிறோம்.

கரிக்குக் காவல் நின்ற கண்ணியரே! காற்றின் கள்ளத்தனத்தைக் கையோடு பிடித்த கைகாரரே! பொருநைக் கரைப் புழுதியில் பொறுமையைப் பூசிக்கொண்டு திரிந்த பொறியாளரே! நாசரேத்து மண் ஈன்று, நம் ஆலை வளர்த்து, நாங்கள் சரியாகத் தெரிந்துகொள்ளாமலே இத்தனை காலம் கூடவே வைத்திருந்த எங்கள் ஆற்றல் மேலாளர் எபனேசர் அவர்களே! பணி நிறைவு பெறும் இந்த நாளில், ஆலைத் தொழிலாளர்களும் அலுவலர்களும் ஒன்றாய்க் கூடி, உங்கள் முன்னால் நின்று, உரத்த குரலில் வாசிக்கும் மடல் இது.

நீங்கள் வந்த புதிதில் நம் ஆலை ஓர் ஓட்டைப் பானை. கல்லைச் சூடேற்றும் கோபுரத்தின் இண்டு இடுக்குகளிலெல்லாம் வெளிக்காற்று உள்ளே புகுந்தது. புகுந்த காற்றையும் சேர்த்துச் சூடேற்ற வேண்டியிருந்தது. சூடேற்றிய காற்றை இழுத்து வெளியே தள்ள ராட்சச ஃபேன்கள் கரண்டைக் குடித்தன. எந்த வேலையும் செய்யாமல் தின்றுவிட்டுப் போகும் அந்தக் காற்றுக்குப் 'பொய்க்காற்று' என்று பெயர் சொல்லிக் கொடுத்தீர்கள். அதைப் பிடிக்க நீங்கள் கேட்ட ஆயுதம் ஊதுபத்தி. இணைப்புகளின் ஓரத்தில் பத்தியைக் காட்டினால், புகை நேராக ஏறாமல் எங்கே உள்ளே வளைகிறதோ அங்கே திருடன் நுழைகிறான் என்றீர்கள்.

பண்டகசாலைச் சங்கர் அண்ணாச்சி, பத்தி கேட்டு நீங்கள் எழுதிய சீட்டில் கையெழுத்துப் போட மறுத்த கதை ஆலை முழுக்கப் பிரசித்தம். "கோயிலுக்குப் போகாத ஆளுக்கு இத்தன பத்திக் கட்டு எதுக்குவே?" என்று அவர் கேட்க, "மேல காத்த உறிஞ்சுத சாமி ஒண்ணு இருக்கு அண்ணாச்சி, அதுக்கு" என்றீர்கள். அதன்பிறகு மாடி மாடியாகக் கோபுரம் ஏறினீர்கள். வெயில் தகரத்தைப் பழுக்கக் காய்ச்சிய நேரத்திலும், சாரல் முகத்தில் அறைந்த நேரத்திலும், மல்லிகைப் பத்தி வாசனை மேலேயிருந்து இறங்கி வந்தால் நீங்கள் எந்த மாடியில் நிற்கிறீர்கள் என்று கீழே நிற்பவர்களுக்குத் தெரியும். ஓட்டைகள் அடைபட அடைபட, ஆலையில் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த சீழ்க்கைகள் ஒவ்வொன்றாய் அடங்கின. சத்தம் குறைந்த அந்த இடங்களெல்லாம் உங்கள் கையெழுத்து.

ஃபேன்களின் கதை தனி. காற்று குறைவாகப் போதும் என்றால் குழாயின் கதவைப் பாதி அடைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் முழு வேகத்தில் ஓட்டுவது இங்கே வழக்கமாக இருந்தது. "பிரேக்கையும் பிடிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டரையும் முறுக்குத மாதிரில்லா இருக்கு" என்று கூட்டத்தில் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மோட்டார்களின் வேகத்தையே அடக்கியாளும் கருவிகள் வந்தபிறகு கரண்ட் செலவு இறங்கியதைப் பார்த்துச் சிரித்தவர்கள், அடுத்த கூட்டத்தில் தாங்கள்தான் முதலில் சொன்னதாகப் பேசினார்கள். நீங்கள் மறுக்கவில்லை. சூளையில் வெந்து கட்டியாய் வந்த கிளிங்கரின் சூட்டை வீணாக்காமல் மறுபடி சூளைக்கே திருப்பினீர்கள். புகைபோக்கி வழியே போன வெப்பத்தைப் பிடித்து நிறுத்தி மின்சாரமாக்கும் திட்டத்துக்கும் முதல் வரைபடம் உங்கள் மேசையில்தான் பிறந்தது.

ஆனால் மிச்சம் பிடிக்கிற மனிதரை மனிதர்களுக்குப் பிடிப்பதில்லை. ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைத்தீர்கள். அதனால் உங்களுக்கு 'அணைப்பு அண்ணாச்சி' என்று பெயர். கேண்டீனுக்குள் நீங்கள் நுழைந்தால், "அண்ணாச்சி வாராக, ஃபேனை அணைலே" என்று ஒரு குரல் கேட்கும். நீங்கள் உட்கார்ந்த மேசையில் ஃபேன் நின்றது. ஃபேன் நின்ற மேசையில் ஆள் நிற்கவில்லை. சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் ஒருவராய் உட்கார்ந்திருக்கும் காட்சி எங்களுக்கு எவ்வளவு பழகிப்போனது என்றால், அதைத் தனிமை என்று நினைக்கவே எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் அப்படித்தான் என்று நினைத்தோம்.

வீட்டிலும் உங்களுக்கு ஆள் கூட்டம் இல்லை. ஸ்ரீவைகுண்டத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்த சண்முகசுந்தரி அம்மையாரை நீங்கள் கரம் பற்றியபோது, உங்கள் பக்கத்து வாசலும் அடைந்தது, அவர்கள் பக்கத்து வாசலும் அடைந்தது. நம் குடியிருப்புப் பள்ளியில் டீச்சராக இருந்தார்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, அதே ஸ்கூட்டரில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டு, திரும்பி வந்து உங்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். பண்டிகைக்கு வீடு தேடி வரும் சொந்தம் கிடையாது. உங்களுக்கு அவர்கள், அவர்களுக்கு நீங்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணியில், நாலு நாள் காய்ச்சலில் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கல்லறையா, சிதையா என்று முடிவு சொல்லக்கூட இரண்டு பக்கமும் ஆள் வரவில்லை. அவர்கள் விரும்பியபடியே ஆற்றங்கரைச் சிதைதான் என்று நீங்கள் தனியாக முடிவெடுத்தீர்கள். நாங்கள் தூக்கினோம். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தீர்கள். பத்தியைப் பற்றவைத்துக்கொண்டு கோபுரம் ஏறினீர்கள்.

நாங்கள் முதலில் சொன்ன ஓட்டம், அதற்கு அடுத்த மாதம் நடந்தது.

இனி விசாரணைக்கு வருவோம்.

சூளை தப்பியது என்றாலும், விடிந்ததிலிருந்து எரிந்த கூடுதல் கரிக்கும், ஏறக்குறைய நின்றிருக்க வேண்டிய சூளைக்கும் பதில் சொல்ல அன்றைய ஆலைத் தலைவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆள் தயாராக இருந்தார். பெயர் சுடலைவடிவு. ஒப்பந்தத் தொழிலாளி, கூட்டிப் பெருக்கும் குழுவில் வேலை. ஆயுத பூஜை என்றால் கேண்டீனுக்குப் பின்னால் உட்கார்ந்து சந்தனம் கரைப்பதும், சந்தனக் கும்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியிலிருந்து லேத் மெஷின் வரை பொட்டு வைப்பதும் வருஷா வருஷம் அவர்தான். கண்ணில் பொட்டு இருந்தால் வைத்தது அவராகத்தானே இருக்கவேண்டும்?

"சாமி சத்தியமா அந்த மேடைப் பக்கமே நான் ஏறல" என்றார் சுடலைவடிவு. பொட்டல்புதூர்ப் பக்கத்துக் குடிசையில் படிக்கிற மகள், வேலைக்குப் போகமுடியாத கணவர், எல்லாம் அந்த ஒரு சம்பளத்தில். அவருடைய பெயரை ஒப்பந்தத்திலிருந்து எடுக்கும்படி உத்தரவு தயாரானது.

அப்போதுதான் நீங்கள் எழுந்தீர்கள்.

"அவள விட்டுருங்க. பொட்டு நான்தான் வச்சேன்."

அறையில் ஒருவர் சிரித்ததாகக் கேள்வி. ஆலைத் தலைவர் சிரிக்கவில்லை, நெகிழ்ந்துபோனார். "எபனேசர், உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது. ஆனா சர்ச்சுக்குப் போறவர் சந்தனம் வெச்சேன்னா எப்படி? நம்பற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்றார்.

"நம்புத மாதிரி சொல்லல சார். நடந்ததச் சொல்லுதேன்."

உங்கள் குரல் உயரவில்லை. அதுவே பெருந்தன்மைக்கு அத்தாட்சி ஆயிற்று. அந்தக் கண்ணை வாங்குவதற்காக ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூட்டமாய்ப் போராடியவர், அதன் கண்ணாடியை வாராவாரம் வேறு யாரையும் தொடவிடாமல் தானே துடைப்பவர், அதிலேயே பொட்டு வைப்பாரா? குழந்தைகூட நம்பாது. ஓர் ஏழைப் பெண்ணைக் காப்பாற்ற ஓர் உத்தமர் பொய் சொல்கிறார் என்று அந்த அறை முடிவு கட்டியது. அன்று மாலைக்குள் ஆலை முடிவு கட்டியது.

சுடலைவடிவின் வேலை தப்பியது. ஆனால் சந்தனத்தில் இனி அவர் கை வைக்கக்கூடாது என்றார்கள். உங்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எல்லா ஆலைகளின் ஆற்றலையும் கவனிக்கும் தலைமை அலுவலகப் பதவி உங்களுக்கென்று பேசப்பட்டிருந்தது, அது வேறொருவருக்குப் போனது. நீங்கள் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. ஒன்றைப் பற்றி மட்டும் திறந்தீர்கள்.

வருஷா வருஷம், பூஜைக்கு முந்தைய வாரம், பூஜைக் கமிட்டி முன்னால் வந்து நிற்பீர்கள். கும்பாவைச் சுடலைவடிவிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்வீர்கள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பீர்கள். சங்கர் அண்ணாச்சி எழுந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "காப்பாத்தினது போதும் சார், இன்னுமா அவளத் தாங்குதீக?" என்பார். நாங்கள் எல்லோரும் புன்னகையோடு உங்களைப் பார்ப்போம். நீங்கள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பீர்கள். பிறகு பைய நடந்து வெளியே போவீர்கள். ஆயுத பூஜை அன்று எடைமேடைப் பக்கத்து வேப்பமரத்தடியில் தள்ளி நின்று, பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அங்கேயே தனியாகத் தின்பீர்கள். மதம் வேறு, அதனால் தள்ளி நிற்கிறார் என்று நினைத்தோம்.

சுடலைவடிவு என்ன ஆனார்? ஒன்றும் ஆகவில்லை. உங்களால் மன்னிக்கப்பட்டவர் ஆனார். உங்கள் புகழை நாங்கள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும், அவருடைய குற்றத்தையும் சேர்த்தே சொன்னோம். தண்ணீர்க் குழாயடியில், "ஏட்டி, கண்ணுல வச்சிராத" என்பது கேலியாயிற்று. மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய மகள் கல்யாணம். பந்தல் வாசலில் நின்று வந்தவர்களுக்குச் சந்தனம் நீட்டினார். எங்களில் ஒருவர், "பாத்துக் குடு, கண்ணுல பட்டுரப் போவுது" என்றார். பந்தலே சிரித்தது. சுடலைவடிவும் சிரித்தார். நீங்கள் மட்டும் முன்னால் வந்து, அந்தச் சந்தனத்தைத் தொட்டு, எல்லோரும் பார்க்கப் புறங்கையில் பூசிக்கொண்டீர்கள். அதையும் நாங்கள் உங்கள் கணக்கிலேயே ஏற்றிப் புகழ்ந்தோம்.

இந்த மடலை எழுத உட்கார்ந்தபோது எங்களிடம் முதலில் இருந்த சொல் 'தியாகச் செம்மலே' என்பதுதான். பெருமாள்ராஜுக்கும், இன்று கருவிப் பிரிவின் தலைவராக இருக்கும் கலையரசிக்கும் எழுதும் பொறுப்பு. முதல் கையெழுத்து சுடலைவடிவுடையதாக இருக்கட்டும், விழாவில் இரண்டு வார்த்தை நன்றியும் சொல்லட்டும் என்று, போன வாரம் அவரைத் தேடிப் போனார்கள். மூட்டை கட்டும் கூடத்துக்கு வெளியே சிதறிய சிமெண்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"தியாகமா? என்ன தியாகம் தாயி? அவுக உள்ளதத்தான சொன்னாக."

கலையரசிக்குப் புரியவில்லை. பெருமாள்ராஜுக்கும் புரியவில்லை. இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள்.

"நான் வைக்கலன்னு நான் அன்னைக்கே சொன்னேன். நான் வச்சேன்னு அவுக அன்னைக்கே சொன்னாக. ரெண்டு பேரு சொன்னதும் ஒண்ணுதான. அதுக்கு மேல எங்கிட்ட யாரு கேட்டா?"

தான் வைக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒருவர் ஆலையில் உண்டென்றால் அது சுடலைவடிவு. ஆகையால் நீங்கள் சொன்னதை நம்பியவரும் ஆலையில் அவர் ஒருவரே.

கலையரசி அங்கேயே நின்றுவிட்டார். குங்குமத்தின் மேல் சந்தனம். கோடிப் பொட்டு வைத்த கை அப்படி வைக்காது. சந்தனத்தை முதலில் இட்டு, அதன்மேல் குங்குமம் வைப்பது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பொட்டே வைத்துப் பழகாத ஒரு கைக்கு மட்டும்தான் அது தெரியாது. பெருமாள்ராஜுக்கு வேறொன்று உறைத்தது. அன்று மோட்டாரைப் பார்க்காமல், கரிக்குழாயைப் பார்க்காமல், நேராகக் கண்ணிடம் ஓடினீர்களே, அந்த ஓட்டத்தை அனுபவத்தின் ஓட்டம் என்று புதிதாய் வருபவர்களுக்கெல்லாம் பாடமாகச் சொல்லி வந்தவர் அவர். உங்களுக்கு எங்கே போகவேண்டும் என்று தெரிந்திருந்தது, ஐயா. வைத்தவருக்குத் தெரியாதா?

அதனால் 'தியாகச் செம்மல்' என்ற பட்டத்தை இந்த மடலிலிருந்து எடுத்துவிட்டோம். நீங்கள் தியாகம் எதுவும் செய்யவில்லை. தவறு செய்தீர்கள், செய்ததை விசாரணை அன்றே, மறைக்காமல், மழுப்பாமல், மன்றத்தில் நின்று சொன்னீர்கள், நம்பப்படாமல் எட்டு ஆண்டுகள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பொய் சொன்னவர் என்று புகழப்பட்ட மெய்யரே! உங்களுக்கு வேறு பட்டம் தேடினோம். கிடைக்கவில்லை. உள்ளதைச் சொன்னவரே என்று சுடலைவடிவு சொன்னதையே வைத்துக்கொள்கிறோம்.

இதை இங்கே வாசிக்கலாமா என்று நேற்று உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டோம். கூடத்தில் ஒரு நாற்காலிதான் விரித்துக் கிடந்தது. மற்றவை சுவரோடு சாய்த்து மடித்திருந்தன. எங்களுக்காக எழுந்து ஒவ்வொன்றாக விரித்தீர்கள். ஃபேனைப் போட்டீர்கள். "சுடலைவடிவு பேரு வெளங்கும்னா வாசிங்க. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றீர்கள்.

வெளங்கட்டும் ஐயா. வருகிற ஆயுத பூஜைக்குச் சந்தனக் கும்பா சுடலைவடிவு கையில் இருக்கும். கமிட்டி தீர்மானித்துவிட்டது. அதை அவரிடம் எடுத்துக் கொடுக்க நீங்கள் வரவேண்டும். வேப்பமரத்தடியில் நிற்கக்கூடாது, முன்னால் நிற்கவேண்டும்.

நீங்கள் அடைத்த ஓட்டைகள் திறக்காமல் இருக்கட்டும். நீங்கள் மிச்சம் பிடித்த கரியளவுக்கு உங்கள் நாட்கள் நீளட்டும். மூட்டு வலி கோபுரப் படிகளோடு கீழே நின்றுவிடட்டும். பொருநைத் தண்ணீரும் பொதிகைக் காற்றும் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டே இருக்கட்டும். விரித்த நாற்காலிகள் மடங்காமல் இருக்க, நாங்கள் வந்துகொண்டே இருப்போம். கேண்டீன் மேசையில் உங்கள் இடம் உங்களுடையதே. ஃபேன் ஓடாவிட்டாலும் பக்கத்தில் உட்கார இனி ஆள் உண்டு.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பொட்டு வைத்தது நீங்கள் என்றால், ஏன் வைத்தீர்கள்? சந்தனம் உங்கள் கைக்கு எப்படி வந்தது? அதையும் சுடலைவடிவுதான் சொன்னார்.

ஒவ்வோர் ஆயுத பூஜை மாலையிலும் சண்முகசுந்தரி டீச்சர் கேண்டீனுக்குப் பின்னால் வருவார்களாம். வீட்டு மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் ஸ்கூட்டருக்கும் வைக்க, ஆலைச் சந்தனத்தில் ஒரு கிள்ளு, குங்குமத்தில் ஒரு கிள்ளு, வாழையிலைத் துண்டில் மடித்து வாங்கிப் போவார்களாம். போகும்போது தவறாமல், "எங்க வீட்டுக்காரவுக கண்ணுக்கு இந்த வருசமாவது வச்சியா?" என்று கேட்பார்களாம். "ஐயோ, அதத் தொட்டா சார் கொன்னுருவாக டீச்சர்" என்பாராம் சுடலைவடிவு. "கண்ணுல வேண்டாம், நெத்தியில வையேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போவார்களாம்.

அந்த வருஷமும் பழக்கத்தில், டீச்சருக்கு என்று இலை மடித்து எடுத்து வைத்துவிட்டார் சுடலைவடிவு. வைத்த பிறகுதான் நினைவு வந்திருக்கிறது. பிரித்துக் கும்பாவிலேயே போட்டுவிடலாம் என்று கையில் எடுத்தபோது, எதிரே யாரோ வந்து நின்ற நிழல். நிமிர்ந்து பார்த்தார். நீங்கள். கையை நீட்டினீர்கள்.

"அவ வரமாட்டால்லா. அதான் நான் வந்தேன்."

இலையை வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் போகாமல், சூளையின் வாய்மேடைப் படியேறினீர்கள். கண்ணாடிக்குச் சற்று மேலே, அவர்கள் சொன்ன நெற்றியில்தான் வைத்தீர்கள்; நீர்த்த சந்தனம் இரவோடிரவாகக் கண்ணில் வழியும் என்று தெரியவில்லை. சந்தனம் முதலா, குங்குமம் முதலா என்று கேட்க, அன்று உங்களுக்கு ஆள் இல்லை.

இவண்,
சுடலைவடிவு
கலையரசி
பெருமாள்ராஜ்
மற்றும் ஆலைத் தொழிலாளர்கள், அலுவலர்கள்